ஒத்தக்கண்ணியின் இரண்டு கண்கள்

மருந்து பாட்டில் தொழிற்சாலையில் அவளுக்கு ‘ஒத்தக்கண்ணி’ என்று பெயர். கண் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. விளக்குப் பெட்டிக்கு முன்னால் பெல்ட்டில் ஓடும் பாட்டில்களில் விரிசலோ தூசியோ கண்டால் எடுத்துவிட வேண்டும், அதுதான் வேலை. பெல்ட்டின் வேகத்தைக் கூட்டியதிலிருந்து தலை சுற்றியது, குமட்டியது. பேருந்தில் ஜன்னலோரம் உட்காரவே பயம். ஒரு கண்ணை மூடினால் கொஞ்சம் அடங்கும். மூடிக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். “ஏம்மா, பாதித் தூக்கமா? சம்பளத்தையும் பாதியாக் குடுக்கவா?”

“தூங்கல சார். இப்படிப் பாத்தாத்தான் தலை சுத்தல.”

“நல்லா இருக்கே கதை! ரெண்டு கண்ணையும் தொறந்து பாக்க முடிஞ்சா வா. அதுவரைக்கும் தொடப்பத்தைப் பிடி.”

விளக்குப் பெட்டிக்கு முன்னால் கேட்டு வாங்கிய நாற்காலி போயிற்று. அதைத் திரும்பப் பிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தாள்.

யார் கண்ணோ பட்டுவிட்டது என்றார் மாமியார். “விசேஷமா?” என்று காதைக் கடித்தாள் பக்கத்து வீட்டுக்காரி. தொழிற்சாலை மருத்துவர் சுவரில் எழுத்துகளைக் காட்டினார். கடைசி வரிவரை படித்தாள். “கண் பிரமாதம். மனசுலதான் பயம்” என்று அனுப்பிவிட்டார். சுவரில் இருந்த எழுத்து ஓடவில்லையே! ஒரு பெண்ணுக்குத் தலை சுற்றினால் ஒன்று வயிற்றில் பிள்ளை, இல்லை மனதில் பயம். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்க அவளுக்கு உரிமை இல்லை போலும்.

தையல்காரரான கணவர் கண் மருத்துவமனையின் பார்வைப் பயிற்சிப் பிரிவுக்கு அழைத்துப் போனார். பயிற்சி தருபவர் ஒரு பேனாவை அவள் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தார்.

“எப்ப மயக்கம் குறையுது?”

“ஒரு கண்ண மூடினா.”

“இத யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“சொன்னேன். தொடப்பம் குடுத்தாங்க.”

அவர் சிரித்துவிட்டார். “கண்ணு ரெண்டும் வண்டி மாடு மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுக்குது. அவ்வளவுதான். பழக்கலாம்.”

பயிற்சிக்கு அவர் கொடுத்தது, ஒரு நூலில் கோத்த மூன்று மணிகள். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணியை உற்றுப் பார்த்தால் நூல் இரண்டாகத் தெரிந்து, அந்த மணியில் ஒன்றையொன்று குறுக்கே கடக்க வேண்டும். அவளுக்கு ஒரே நூல்தான் தெரிந்தது. ஒரு கண்ணின் பார்வையை மூளை ஒதுக்கிவைத்திருந்தது.

வீட்டில் மாமியார் பார்த்தார். “மருமகளுக்கு மூக்கணாங்கயிறா! இனியாவது அடங்குவாளா?”

“கயித்த நான்தான் பிடிச்சிருக்கேன் அத்தை.”

ஒரு மாலை நூல் இரண்டாகத் தெரிந்து சிவப்பு மணியில் குறுக்கே கடந்தது. “அத்தை, தெரியுது!” என்று அவள் போட்ட சத்தத்தில் மாமியார் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. பிறகு கோடு போட்ட துணியைக் கணவர் பெல்ட் ஓடுவதுபோல அவள் முன்னால் இழுத்துக்கொண்டு நடப்பார். குமட்டல் தலைகாட்டினால் நிறுத்து, அடங்கினால் தொடங்கு என்பது பயிற்சி தருபவரின் கட்டளை. சில நாள் தேறியதெல்லாம் பின்வாங்கியது. மாதங்கள் போயின. பேருந்தில் ஜன்னலோரம் அவளே கேட்டு உட்கார்ந்தாள்.

துடைப்பத்தைச் சாத்திவிட்டு நாற்காலிக்குப் போனாள். மேற்பார்வையாளர் முதுகுக்குப் பின்னால் நின்றார். பெல்ட் ஓடியது. நடுவில் லேசாகப் புரட்டியது. விளக்குப் பெட்டியின் அசையாத விளிம்பைப் பார்த்து மூச்சுவிட்டாள், மறுபடி பாட்டில்கள் பக்கம் திரும்பினாள். இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன. கழுத்தில் மயிரிழை விரிசலோடு வந்த பாட்டிலைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

“பாத்தியா! மனசு வச்சா முடியும்னு நான் அப்பவே சொன்னேன்ல?”

“மனசு அப்பவே சரியாத்தான் சார் இருந்துச்சு. கண்ணுக்குத்தான் வைத்தியம் பாத்தேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க.”