நான் அடிக்க மறுத்த வரி

எட்டாம் வகுப்பில் நான் தோற்றது பாலைவனத்தில்தான். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை.

பாலைவனங்கள் எவ்வாறு உண்டாகின்றன, எடுத்துக்காட்டுடன் எழுதுக என்பது கேள்வி. புத்தகத்தில் நான்கு வகை இருந்தது. சகாராவில் மேலிருந்து இறங்குகிற காற்று காய்ந்தே இறங்குகிறது, மேகம் கூடுவதில்லை. கோபி கடலுக்கு வெகுதூரம். ஈரக்காற்று போய்ச் சேர்வதற்குள் வற்றிவிடும். அட்டகாமா கடலோரம்தான், ஆனால் பக்கத்தில் ஓடும் குளிர்ந்த நீரோட்டம் மழையைக் கெடுத்துவிடுகிறது. நான்காவது வகை மலைக்குப் பின்புறம் உண்டாவது. காற்று மலையேறும்போதே மழையைக் கொட்டிவிடும். அப்பால் இறங்குவது வெறும் காற்று. இதற்குப் புத்தகம் சொன்ன அயல்நாட்டுப் பெயர் மட்டும் மறந்துபோயிற்று. 'எடுத்துக்காட்டு: எங்கள் கொழிஞ்சாம்பாறை' என்று எழுதி வைத்தேன். எங்கள் ஊரும் நெல்லியாம்பதி மலைக்குப் பின்புறம் இருப்பதுதான்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று முடிவு சொன்னார்கள். தேறுவதற்கு எனக்கு இரண்டு மதிப்பெண் குறைவு. பூகோள ஆசிரியர் மேற்கே மழை கொட்டும் ஒற்றப்பாலத்துப் பக்கத்துக்காரர். என் வரியை வகுப்பில் வாசித்துக் காட்டி, "அப்ப நீ ஒட்டகத்துல ஏறியாக்கும் பள்ளிக்கூடம் வர்றது?" என்றார். மத்தியானத்துக்குள் என் பெயரே ஒட்டகம் ஆகிவிட்டது.

காலை முதல் பாடவேளை முடிந்ததுமே ஆசிரியர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டிருந்தார். அந்த வரியை அடித்துவிட்டுப் புத்தகத்தில் உள்ளதை எழுதினால் தேற வைப்பதாகச் சொல்லிப் பேனாவை நீட்டினார். நல்ல மனுஷர்தான். தேறாவிட்டால் பள்ளிக்கூடம் போதும் என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கென்று ஒரு களைக்கொத்துக்குப் பிடியும் போட்டு வைத்திருந்தார்.

'ஆமாங்க சார்' என்பதற்கு மேல் நான் எந்த ஆசிரியரிடமும் பேசியதில்லை. ஆனால் காலை பஸ்ஸில் ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த ஈரக்குடை வராந்தா ஓரத்தில் விரித்துக் கிடந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் எங்கள் பள்ளி முற்றத்துப் புழுதியில் விழுந்த கையோடு காணாமல் போனது.

"சார், உங்க குடை இன்னும் சொட்டுதுங்க. எங்க காட்டுல ஒரு உழவு மழைகூடப் பெய்யலீங்க. அந்த மழையெல்லாம் எங்கீங்க நின்னுபோச்சு?"

கலப்பையின் கொழு இறங்குகிற ஆழத்துக்கு மண் நனைந்தால் எங்களுக்கு அது ஒரு உழவு மழை. அவருக்கு அது தெரிந்ததோ என்னவோ, குடையைப் பார்த்தார்.

"அதுக்காக இது பாலைவனமா ஆயிடுமா?"

"ஆகாதுங்க. ஆனா மழை நிக்கற விதம் அதேதானுங்க."

மறுபடியும் பேனாவை நீட்டினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அடிக்க மாட்டேனுங்க."

சாயங்காலம் அப்பா எங்கள் மானாவாரிக் காட்டில் மண்ணுக்குள் விரலை விட்டு ஈரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரலில் பாதிகூட நனையவில்லை. தோற்றதைச் சொன்னேன். என்ன எழுதினாய் என்று கேட்டார், அதையும் சொன்னேன். தென்மேற்கே நெல்லியாம்பதி மலைமேல் மேகம் கருத்து உட்கார்ந்திருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல என்ன தப்பு, அம்மிணி? நெசத்தத்தானே எழுதியிருக்கறே."

மறுநாள் எனக்கென்று வைத்திருந்த களைக்கொத்தை அவரே எடுத்துக்கொண்டு போனார். நான் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு எட்டாம் வகுப்பில் மறுபடியும் உட்கார்ந்தேன். அவர்களும் ஒட்டகம் என்றே கூப்பிட்டார்கள்.

அடுத்த ஆண்டும் அதே கேள்வி வந்தது. அயல்நாட்டுப் பெயர் இப்போது மனப்பாடம், அதையும் எழுதினேன். ஆனால் முதலில் எங்கள் ஊரைத்தான் எழுதினேன்.