ஆறு மணிக்கு மருந்து, ஆறு ஐந்துக்குச் சுடர்

முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். பிறகு இரண்டு சன்னல்களையும் சாத்தி, கதவின் அடியில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி அடைக்க வேண்டும். சுடர் அசையக் கூடாது. கிடர்பூர் குவார்ட்டர்ஸின் மூன்றாவது மாடியில், மே மாதத்து மாலை ஆறு மணிக்கு, இப்படி அடைத்த அறையில் காற்று எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று எனக்குத் தெரியும். தையல் மெஷின் பலகைதான் உட்கார்ந்தவர் கண் உயரத்துக்குச் சரியாக இருந்தது. அதன்மேல் மெழுகுவத்தி. ஒரு கை தூரத்தில் பாயில் அப்பா. அவருக்குப் பக்கத்தில், அரை அடி பின்னால், நான்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. அப்பா துறைமுகத்தில் ஒரு சரக்குக் கொட்டகையின் ஃபோர்மேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வங்காளத்துக்கு வந்து அங்கேயே நின்றுபோனவர். நான் ஜாதவ்பூரில் இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அழுத்தம், வெப்பம், ஓட்டம் ஆகியவற்றை அளப்பதுதான் என் படிப்பு. அந்த மார்ச்சில், இடது பக்கமிருந்து வந்த கைவண்டி இரண்டாவது முறையாக அப்பாவின் தோளில் இடித்த பிறகு, அம்மா அவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன். அப்பாவுக்குக் கொட்டகையில் பேசும் இந்திதான் சரளம். டாக்டர் அம்மாவோ வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பேசுவார். நடுவில் நான்.

கிளாக்கோமா என்றார் டாக்டர். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடி, பின்னால் இருக்கும் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் அப்பா முகத்தை வைத்து, புள்ளி ஒளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கியிருந்தார். அதிலிருந்து வந்த தாளை டாக்டர் எங்களிடம் காட்டினார். இடது கண்ணுக்கு உரிய வட்டத்தில் பாதி கறுப்பு. வலது கண்ணில் ஓரத்தில் மட்டும் ஒரு நகக்கீறல் அளவு. கறுப்பானது திரும்ப வெளுக்காது, வலது கண்ணை இப்படியே வைத்துக்கொள்வதுதான் இனி நம் வேலை என்றார். மஞ்சள் மூடி போட்ட ஒரு சொட்டு மருந்து; காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஆயுள் முழுவதும்.

அப்பாவின் காதில் விழுந்தது கடைசி இரண்டு வார்த்தைகள் மட்டும்தான். ஒரு மாதத்தில் பாட்டில் பாதிகூடக் குறையவில்லை.

அதே மாதத்தில்தான் அவர் ஆபீஸ் ஆட்கள் நடத்திய கிளப்பில் யோகா வகுப்பு தொடங்கியது. சொல்லிக்கொடுத்தவர் அவருடைய ஆபீஸிலேயே தலைமைக் குமாஸ்தா. ஆசனங்களுக்குப் பிறகு திராடகம். சுடரை இமைக்காமல் பார்க்க வேண்டும். கண்ணீர் வந்ததும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அப்பா அதை வீட்டிலும் செய்யத் தொடங்கினார். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம்.

"லாக் கேட்ல தண்ணி மட்டம் ஏறிட்டா என்ன செய்வோம்?" என்று என்னிடம் கேட்டார். "மதகைத் திறந்து விடுவோம்லா. கண்ணுலயும் அதுதான். தண்ணி வெளிய வந்தா பிரஷர் இறங்கத்தானே செய்யணும்? நீ படிச்சவ, தப்புன்னா சொல்லு."

நான் தப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை. தொட்டிக்குள் வருவது, தொட்டியிலிருந்து போவது என்ற கணக்கு எனக்குத் தெரியும். கண் எனக்குத் தெரியாது.

ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். மருந்து உள்ளே போனால் போதும் என்ற நிலையில் நான் இருந்தேன். அப்பா என் கையால் இரண்டு வேளையும் விட்டுக்கொள்வார். பதிலுக்கு மூன்று விஷயங்கள்: நானும் கூட உட்கார்ந்து சுடரைப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் சுடரைப் பற்றி மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் நிறுத்தச் சொல்வார். வகுப்பு எடுப்பவரிடம் நோயைப் பற்றி மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் ஆபீஸ் முழுக்கப் பரவும், கொட்டகையிலிருந்து எடுத்து எங்காவது நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். நான் சரி என்றேன். இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே ஆளாக ஆனேன். அதன் எடை அன்றைக்குத் தெரியவில்லை.

அன்றே ஒரு நேர அட்டவணை எழுதினேன். காலை ஐந்தரை மருந்து, ஐந்து முப்பத்தைந்து சுடர். மாலை ஆறு மருந்து, ஆறு ஐந்து சுடர். இரண்டையும் ஒட்டி வைத்தவள் நான்தான். தனித்தனி நேரம் என்றால் ஒன்று தவறும், ஒரே வேலையாக்கிவிட்டால் தவறாது என்பது என் எண்ணம். அப்பா சுடரைத் தவறவிட மாட்டார். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மருந்தும் போய்விடும். பீரோ கதவின் உள்பக்கம் அதை ஒட்டினேன். வெளியில் ஒட்டினால் ஆபீஸ்காரர்கள் வரும்போது பார்ப்பார்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அதன் பிறகு என் நாள் மாலை ஆறு மணியை நோக்கித்தான் ஓடியது. நாலரைக்கு லேபை விட்டு வெளியேற வேண்டும். பஸ் நெரிசலில் மாட்டினால் பாதியில் இறங்கி ஓட வேண்டும். மே மாதம் புனேயில் ஆறு வாரப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வர இயலாது என்று எழுதிப் போட்டேன். ஆறு மணிக்கு மேல் பெண்ணை வெளியில் விடாத மதராஸிக் குடும்பம் என்று வகுப்பில் கிண்டல் செய்தார்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மை அதைவிட நீளமானது.

அம்மாவிடம் ஒரு தரம் கேட்டேன், நீ விடலாமே என்று. அவள் கையை நீட்டிக் காட்டினாள். "அவுக இமையை இழுத்துப் பிடிக்கணும்னு நினைச்சாலே எனக்கு வெடவெடங்கு. நீ இருக்கேல்லா." அத்தோடு பேச்சு முடிந்தது.

அறைக்குள் இருபது நிமிடம். எனக்குக் கண்ணீர் வரத் தாமதமாகும். வியர்வைதான் முதலில் வரும். அப்பாவுக்கு இரண்டு நிமிடத்திலேயே கன்னம் நனைந்துவிடும். "பாத்தியா, மதகு திறந்துட்டு" என்பார் திருப்தியாக. நான் நோட்டில் இரண்டு டிக் போடுவேன், மருந்துக்கு ஒன்று, சுடருக்கு ஒன்று.

முதல் செக்கப்பில் அழுத்தம் இறங்கவே இல்லை. பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர்.

அக்டோபரில் பூஜை முடிந்து, பிஜயா வாழ்த்துச் சொல்ல அந்தத் தலைமைக் குமாஸ்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் தட்டில் சந்தேஷ் இனிப்பும் முறுக்கும் கொண்டுபோய் வைத்தேன். அப்பாதான் தன் வகுப்பிலேயே நல்ல மாணவர், மற்றவர்களெல்லாம் ஆசனம் முடிந்ததும் டீக்கு ஓடுகிறார்கள் என்றார். நானும் அப்பாவோடு உட்காருகிறேன் என்று தெரிந்ததும் சந்தோஷப்பட்டு எனக்கும் சில விஷயங்கள் சொன்னார். கண்ணை வருத்தக் கூடாது, இமைக்கத் தோன்றினால் இமைத்துவிட வேண்டும், இரண்டு மூன்று நிமிடம் போதும். கண்ணில் ஏதாவது நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. முதல் நாளே எல்லோரிடமும் கேட்டேன், ஒருவரும் கை தூக்கவில்லை, நல்ல கண்கள் உங்கள் ஆட்களுக்கு என்று சிரித்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம் இந்தியில், எங்கள் ஊர்க்காரர்கள் கடலைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள், பருந்துக் கண் என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு, செம்பு நிறைந்து வழிந்த பிறகும் அங்கேயே நின்றிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளையிலிருந்து மருந்து இல்லை. சொல்லாவிட்டால் இந்த மனிதர் நல்லெண்ணத்தோடு சொல்லிக்கொடுப்பது எங்கே போய் முடியும் என்று தெரியாது.

நவம்பரில் அடுத்த செக்கப். அழுத்தம் இரண்டு கண்ணிலும் முன்னைவிட ஏறியிருந்தது. புதுத் தாளில் வலது கண் வட்டத்தின் நகக்கீறல் இப்போது கட்டைவிரல் அளவு.

ஒழுங்காக மருந்து விடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். சுடருக்கான டிக்குகள் தெரியாதபடி ஒவ்வொரு பக்கத்தையும் நெடுக மடித்து வைத்திருந்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. இவ்வளவு சரியாக விட்டும் ஏறுகிறது என்றால் மருந்து இவருக்கு ஒத்துவரவில்லை, ஆபரேஷன்தான் என்று சொல்லிச் சீட்டை இழுத்தார்.

அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை புரிந்தது. "சரின்னு சொல்லிராத. யோசிச்சுச் சொல்லுதோம்னு சொல்லு" என்றார் தமிழில், உதடு அசையாமல்.

டாக்டர் எழுதிக்கொண்டே, பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல் கேட்டார், மருந்து விட்டதும் என்ன செய்வார், படுப்பாரா, முகம் கழுவுவாரா?

மடித்த பக்கங்கள் என் கண்ணெதிரே இருந்தன. ஆறு, ஆறு ஐந்து. நானே எழுதியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு மாதமாக ஒரு சொட்டை உள்ளே விட்டு, ஐந்தாவது நிமிடத்தில் அதைக் கழுவி வெளியேற்ற அவரை உட்கார வைத்திருக்கிறேன். பக்கத்தில் அப்பாவின் முழங்கை என் முழங்கையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சுடரைப் பார்ப்பார்" என்றேன் வங்காளத்தில். "கண்ணீர் வரும் வரைக்கும்."

நான் நினைத்திருந்த அளவுக்கு அப்பாவுக்கு வங்காளம் தெரியாமல் இல்லை. "ஏட்டி" என்றார். அவ்வளவுதான்.

டாக்டர் பேனாவை வைத்தார். மருந்து விட்டு எவ்வளவு நேரம் கழித்து என்றார். ஐந்து நிமிடம் என்றேன். மருந்து இத்தனை நாளும் கன்னத்துக்குத்தான் போயிருக்கிறது என்றார். இந்த நேரத்தை யார் வகுத்தது? நான் என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அப்பாவின் லாக் கேட் கணக்கையும் சொன்னேன். டாக்டர் ஒரு கண்ணை வரைந்து, உள்ளே சுரந்து உள்ளேயே வடியும் நீர் ஒன்று, வெளியே சுரக்கும் கண்ணீர் வேறொன்று, ஒன்றுக்கும் மற்றதற்கும் வழியே இல்லை என்று காட்டினார். அப்பாவிடம் திரும்பி நான், "டெக் மேல கழுவி விடுத தண்ணி வேற, கப்பல் அடியில சேருத தண்ணி வேறப்பா. நாம இத்தனை நாளும் டெக்கைத்தான் கழுவியிருக்கோம்" என்றேன். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் விரலைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டி, இப்படி நிற்பதும் உண்டா என்றார். அப்பா இல்லை என்று தலையாட்டினார். டாக்டர் விரலை இறக்கவில்லை.

"ஞாயித்துக்கிழம மட்டும்" என்றார் அப்பா என்னிடம். "கிளப்புல."

அது என் அட்டவணையில் எங்கேயும் இல்லை. தலைகீழாக நிற்கும்போது கண்ணின் அழுத்தம் இரண்டு மடங்காக ஏறும், அது இன்றோடு சரி என்றார் டாக்டர். சுடரை அவர் தடுக்கவில்லை. அப்பா பயந்தது நடக்கவில்லை. சுடரால் நோய் தீரும் என்ற நினைப்பு மட்டும் கூடாது, மனம் அமைதிப்படுகிறது என்றால் பார்க்கட்டும் என்றார். முதலில் சுடர், சில நிமிடம் மட்டும், இமைத்துக்கொண்டு. பிறகு முகம் கழுவி, அரை மணி கழித்து மருந்து. விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டும். சூரியனைப் பார்க்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. வகுப்பு எடுப்பவருக்கு நோயைச் சொல்லியாக வேண்டும். மூன்று வாரம் தருகிறேன், இறங்காவிட்டால் ஆபரேஷன்.

பஸ்ஸில் அப்பா எனக்கு முன் வரிசையில் போய் உட்கார்ந்தார். குவார்ட்டர்ஸ் படியில் ஏறும்போது, "இனிமே மருந்து நானே விட்டுக்கிடுதேன்" என்றார்.

ஏழு மாதமாக நான் வேண்டியது அது. இப்படிக் கிடைத்தது. அன்று மாலையிலிருந்து அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியில் நின்று கேட்டேன். விசிறி நிற்கும் சத்தம். நெடு நேரம் கழித்து விசிறி மீண்டும் சுற்றும் சத்தம். பிறகு கட்டில் கிரீச்சிடும். "ச்சை" என்பார், சொட்டு புருவத்தில் விழுந்திருக்கும். இன்னொரு "ச்சை". அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்ப்பாள், உன்னால்தானே என்பது போல. அந்த மூன்று வாரமும் ஆறு மணிக்கு நான் எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். லேபில் இருந்திருக்கலாம், தோழிகளோடு சினிமாவுக்குப் போயிருக்கலாம். ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு முன்னால் வந்து அந்தக் கதவுக்கு வெளியில் நின்றேன்.

மூன்றாவது வாரம் டாக்டர் அளந்தார். வலது கண்ணில் நன்றாக இறங்கியிருந்தது, ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம். இடது கண்ணுக்கு இன்னொரு மருந்தும் சேர வேண்டும். கட்டைவிரல் அளவுக் கறுப்பு அப்படியேதான் இருக்கும். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எப்படி விட்டுக்கொள்கிறீர்கள், காட்டுங்கள் என்றார். அப்பா அண்ணாந்து, கீழிமையை இழுத்து, முதல் சொட்டைக் கன்னத்தில் விட்டார். இரண்டாவது விழுந்தது. கண்ணை மூடி, மூக்கோரத்தில் விரலை வைத்து அமுக்கிக்கொண்டார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கண்ணைத் திறக்காமலே அப்பா சொன்னார்: "கிளப்புல அவர்ட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஏன் மொதல்லயே சொல்லலன்னு கேட்டார். என் மக சொல்ல விடலன்னுட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்றார். இரண்டு நிமிடம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார் என்றேன்.