கிளம்பிப் போய்த் திரும்பி வந்த பெட்டி

என் தங்கை அறிவுமதி ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதை வைத்து அவளை யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாது.

கஜா புயல் அடித்த வருடம் அவள் பத்தாம் வகுப்பு. விழிதியூரில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கானது. பாதிப் புத்தகங்கள் மழையில் ஊறிப் போயிருந்தன. அவற்றைப் பக்கம் பக்கமாகக் கொடியில் உலர்த்திப் படித்து, பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கினாள். பன்னிரண்டாம் வகுப்பைக் கொரோனா விழுங்கிவிட்டது. வீட்டில் இருந்த ஒரே போனுக்கு வயலில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே சாக்கை விரித்து உட்கார்ந்து பாடம் கேட்டாள். காரைக்காலில் பி.காம். சேர்ந்த முதல் வருடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க எழுந்து, வார்த்தை வராமல் உட்கார்ந்தவள், மூன்றாம் வருடம் புதுச்சேரியில் நடந்த போட்டியில் ஆங்கிலத்திலேயே பேசிக் கோப்பை வாங்கி வந்தாள். அது கண்ணாடிக் கோப்பை. நான்கு மணி நேர பஸ் பயணத்தில் அதை மடியிலிருந்து இறக்கவில்லையாம்.

கடைசியாக ஜெயித்ததுதான் பெரியது. மும்பையில் உள்ள ஒரு வெளிநாட்டு வங்கி, நாடு முழுவதும் தேர்வு வைத்து, சில பேரை மட்டும் ஆறு மாதப் பயிற்சிக்கு எடுத்தது. இன்டர்ன்ஷிப் என்பார்கள். மூன்று சுற்று நேர்முகத்தையும் கூடப் படித்த நஜீபாவின் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் முடித்தாள். எங்கள் வீட்டில் இணையம் நடுவில் அறுந்துவிடும். மாங்கனித் திருவிழா முடிந்த வாரம் அவள் பெயர் பட்டியலில் வந்தது. பத்தாவதோடு நின்ற எனக்கு அந்த வங்கியின் பெயரைச் சரியாக உச்சரிக்கவே இரண்டு நாள் ஆனது. உச்சரிக்க வந்த பிறகு தருமபுரத்தில் என் வீட்டைச் சுற்றி ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டேன்.

அம்மா ஞானசௌந்தரிக்கு மட்டும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது.

"ஆறு மாசம் கழிச்சு?"

"நல்லாச் செஞ்சா அவங்களே வேலைக்கு எடுத்துக்குவாங்கம்மா."

"எடுத்துக்கலன்னா?"

தெருவில் பார்த்தவர்களும் இதையேதான் வேறு மாதிரி கேட்டார்கள். பர்மனெண்டா என்று கேட்பார்கள், இல்லை பயிற்சிதான் என்றால் முகத்தில் ஒரு சின்ன இறக்கம் தெரியும்.

அப்பா காத்தமுத்துவுக்கு அந்தக் கவலை இல்லை. அவருக்கு இருந்தது நாள் பற்றிய கவலை. மும்பையில் சேர வேண்டிய தேதி ஆடி மாதத்தின் நடுவில் வந்தது. ஆடியில் எங்கள் வீட்டில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். அதற்கு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். எங்கள் பக்கத்தில் அதைப் பரஸ்தானம் என்பார்கள். புறப்பட வேண்டிய நாள் சரியில்லை என்றால், முன்னதாகவே ஒரு நல்ல நாளில் பயணப் பெட்டியைக் கொண்டுபோய் வேறு ஒருவர் வீட்டில் வைத்துவிடுவது. பெட்டி கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் போகலாம். ஒன்றே ஒன்று, வெளியே போன பெட்டி பயணத்துக்கு முன்னால் வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

என் வீட்டில் வைக்கட்டுமே என்றேன். அக்கா வீடும் நம்ம வீடுதான், அது சேராது என்றுவிட்டார். மும்பைக்கு வாரத்துக்கு ஒரு நாள் போகும் ரயில் காரைக்காலில்தான் புறப்படுகிறது. நஜீபாவின் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கம். அவள் அம்மா ஆஸியா பீவியிடம் போய்க் கேட்டோம். பெட்டியைக் கூடத்து மூலையில் வைத்து, மேலே ஒரு வெள்ளைத் துணியும் போர்த்தி, "பெட்டி வந்தாச்சு, புள்ளையும் பம்பாய் போயாச்சுன்னு வெச்சுக்குங்க," என்றார். அப்பா அன்று சிரித்த மாதிரி நான் பார்த்ததில்லை. வரும் வழியெல்லாம் எதிரே வந்தவர்களிடம், மகள் கிளம்பிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மகள் அவர் பின்னால் மொபெட்டில் உட்கார்ந்திருந்தாள்.

பெட்டியில் நல்ல துணிகள் இருந்தன. சான்றிதழ்கள் எல்லாமும் அதிலேயே இருந்தன. பயணத்துக்கு அதுதான் முக்கியம் என்று அப்பா தன் கையாலேயே உள்ளே வைத்திருந்தார்.

அடுத்த வாரம் காரைக்காலில் உள்ள ஒரு நிதி நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. கல்லூரி முடிந்ததும் பத்து இடங்களுக்கு எழுதிப் போட்டதில் அதுவும் ஒன்று. மறுநாள் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும், முழுநேர வேலை, தேர்வானால் உடனே சேரலாம் என்றார்கள். அறிவுமதி போகவில்லை என்றுதான் முதலில் சொன்னாள். சும்மா போய்விட்டு வா, வேண்டாம் என்றால் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று அம்மா விடவில்லை. சான்றிதழ்களை ஆஸியா பீவி வீட்டிலிருந்தே எடுத்துப் போய்க் காட்டிவிட்டு, அப்படியே அங்கே வைத்துவிடுவது என்று பேச்சு.

அன்று மாலை நான் விழிதியூரில்தான் இருந்தேன். நஜீபா வீட்டுக்குப் போயிருந்த அறிவுமதி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். கையில் பெட்டி.

நாளைக்குப் போட வேண்டிய சுடிதார் அதில் கசங்கிக் கிடந்ததாகவும், இஸ்திரி போட்டுவிட்டுக் காலையில் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவதாகவும் சொன்னாள். அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வயலிலிருந்து வந்த அப்பா கால் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது அது கட்டில் மேல் திறந்து கிடந்தது.

"கிளம்புனது திரும்பி வந்துடுச்சா?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. வீட்டில் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டவர் மாதிரி கேட்டார்.

"துணி எடுக்கத்தான்ப்பா. காலைல வெச்சிடுறேன்."

"இனிமே வெச்சு என்னம்மா. முறிஞ்சதை ஒட்ட வெக்க முடியுமா. ஆவணி பொறந்து வர்றேன்னு எழுதிக் கேளு. படிச்சவங்கதானே, கொடுப்பாங்க."

அவளும் எழுதிக் கேட்டாள். உள்ளூரில் எந்த முதலாளியிடம் கேட்டிருந்தாலும் ஆடி என்ற சொல்லிலேயே புரிந்துகொண்டு ஆவணிக்குத் தேதி கொடுத்திருப்பார்கள். மும்பையிலிருந்து மரியாதையாக இரண்டு வரி வந்தது. எல்லோரும் ஒரே நாளில்தான் சேர வேண்டும், வர இயலாவிட்டால் தெரிவிக்கவும், அடுத்தவருக்கு அந்த இடம் போகும். அதற்குள் காரைக்கால் நிறுவனமும் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டது. ஆனிக்குள்ளேயே, வெள்ளிக்கிழமையே சேரச் சொன்னார்கள். நல்ல நாள் தானாகவே அமைந்துவிட்டது என்றார் அப்பா. அம்மா சாமி மாடத்தில் விளக்கு ஏற்றினாள்.

நான் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன். நீ போகணும்னு ஒரு வார்த்தை சொல், நானும் உன் மச்சானும் வந்து ரயில் ஏற்றிவிடுகிறோம், அப்பா பத்து நாள் பேசமாட்டார், அப்புறம் சரியாகிவிடுவார் என்றேன். அவள் வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு மாசம் கழிச்சுன்னு அம்மா கேட்டாள்ல அக்கா. நானும் அதைத்தான் தினமும் கேட்டுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

பிறகு உள்ளே போய், வர இயலவில்லை என்று மும்பைக்கு எழுதினாள். எழுதி முடித்ததும் சுடிதாரை மடித்து அலமாரியில் வைத்தாள்.

இது நடந்து சில மாதம் கழித்துத்தான் ஆஸியா பீவி எனக்கு ஒன்றைச் சொன்னார். தன் வீட்டிலேயே இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, தானே போட்டுத் தருகிறேன் என்று அன்று அறிவுமதியிடம் சொன்னாராம். "வேணாம் ஆஸியாம்மா, வீட்டுலயே போட்டுக்குறேன்னு தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு," என்றார். வீட்டுக்குத் திரும்பக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா. சின்ன வயதிலிருந்து அப்பாவின் நாள், நட்சத்திரம் எல்லாவற்றையும் கேலி செய்துகொண்டே மனப்பாடம் செய்து வைத்திருந்தவள். பெட்டியைத் தூக்கும்போதே முடிவு செய்திருந்தாளா, அல்லது இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து ஒன்றை நழுவவிட்டாளா, எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் அவளுக்கே தெரியாமல் இருந்துவிடுமோ என்று பயம்.

இப்போது அந்தக் கிளையில் நகைக்கடன் பிரிவை அவள்தான் பார்க்கிறாள். மேலதிகாரிகள் மெச்சுகிறார்கள். மழை வந்தால் மதியமே வீட்டுக்கு வந்துவிட முடிகிறது, அம்மாவுக்கு அது போதும். அவளோடு பட்டியலில் வந்து மும்பைக்குப் போன ஒரு பெண் இப்போது அங்கேயே அதிகாரியாக இருக்கிறாளாம். அறிவுமதியே போனில் படத்தைக் காட்டினாள். நன்றாக இருக்கிறாள் இல்லையா என்றாள். ஆமாம் என்றேன். ஆஸியா பீவி அவளைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம், "ஒன் மூலை இன்னும் காலியாத்தான் கிடக்கு புள்ள," என்பார். அவளும் சிரிப்பாள்.

மும்பையில் முதல் நாள் ஒப்பந்தத்தில் போடுவதற்கென்று அவள் ஒரு கையெழுத்துப் பழகியிருந்தாள். ஆங்கிலத்தில், சாய்வாக, கடைசி எழுத்தின் வால் பெயர் முழுவதற்கும் அடியில் ஓடும். எங்கள் வீட்டுச் செய்தித்தாள் ஓரமெல்லாம் அந்த ஆனி மாதம் அதுதான். சேர்ந்த அன்று நான்தான் அவளை நிறுவனத்துக்கு அழைத்துப் போனேன். வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். பேனாவை வாங்கிக்கொண்டாள். பிறகு குனிந்து, பள்ளிக்கூட நோட்டில் எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தாக, நேராக, தமிழில் எழுதினாள். கா. அறிவுமதி. அவள் உத்தியோகத்தில் போட்ட முதல் கையெழுத்து அது. பக்கத்தில் தேதி போடச் சொன்னார்கள், போட்டாள். 12 ஜூலை 2024, வெள்ளிக்கிழமை.