என் படம் ஒட்டிய பர்மிட்

என் மச்சானை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்காமலேயே ஒன்பது வருடம் அவனோடு கல்யாணம், காதுகுத்து, தீபாவளி என்று எல்லாவற்றுக்கும் போய் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவன் இலையில் எனக்கு முன்னால் வடை விழுந்தால்கூட எனக்கு வயிறு எரியும்.

நான் எண்ணூர் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மச்சான் என் மனைவியின் தம்பி. அந்த நாளில் நான் வேலை பார்த்த டிரான்ஸ்போர்ட்டில் அவன்தான் சூப்பர்வைசர். எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று அவன் சொல்வான், நாங்கள் போவோம். ஒரு நாள் காலையில் என்னை ஒரு வண்டியை எடுக்கச் சொன்னான். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று வாங்க வேண்டிய எஃப்சி அதற்கு முடிந்துபோயிருந்தது.

"எஃப்சி முடிஞ்சி நாலு நாளாச்சே மச்சான்."

"எவன் கேக்கப் போறான் மாமு? அப்டியே கேட்டாலும் எனக்கு ஒரு போனப் போட்டு அவன் கைல குடு. நா பேசிக்கிறேன்."

எங்கள் லைனில் அதுதான் பழக்கம். பேப்பர் எல்லாம் ஆபீசில் இருக்கும், டிரைவர் கையில் போன்தான் இருக்கும். யார் மடக்கினாலும், "ஒரு நிமிசம் பேசுங்க சார்" என்று போனை நீட்ட வேண்டும். அந்தப் பக்கம் பேசுகிறவன் யாருடைய பேரையாவது சொல்லுவான், வண்டி கிளம்பும்.

அன்றைக்குத் திருவொற்றியூர் தாண்டுவதற்குள் ஆர்டிஓ ஆபீஸ் அதிகாரி ஒருவர் ஆட்களோடு மடக்கினார். நான் போனைப் போட்டு நீட்டினேன். அந்த அதிகாரி அதைக் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் நின்றுகொண்டு நான் முழுதாகக் கேட்டேன்.

"அந்த டிரைவர் எங்கள கேக்காம வண்டிய எட்துகினு போய்ட்டான் சார். நீங்க இன்னா ஆக்சன் வேணா எடுங்க."

அந்த டிரைவர். மாமா இல்லை, அக்கா புருசன் இல்லை.

என் லைசென்சை மூன்று மாதம் முடக்கி வைத்தார்கள். அந்த மூன்று மாதமும் என்னைவிட வயதில் சின்னவன் ஒருவனுடைய வண்டியில் கிளீனராகப் போனேன். அனல்மின் நிலையம் இருக்கிற அத்திப்பட்டுப் பக்கம் போய் வந்தால் கண்ணாடியெல்லாம் கரித்தூள் படிந்திருக்கும். நான் கீழே நின்று துடைப்பேன், அவன் மேலே உட்கார்ந்து, "அண்ணே, அந்த மூலையில கொஞ்சம்" என்பான். நல்ல பையன்தான். அவன் அண்ணே என்று சொன்னது இன்னும் மோசமாக இருந்தது.

சம்பவம் நடந்த அன்றைக்கு நான் வீட்டுக்கு வருவதற்குள் மச்சான் வந்து போயிருந்தான். மாமா அவசரப்பட்டு வண்டியை எடுத்துவிட்டார் என்று அக்காவிடம் சொல்லிவிட்டான். நடந்ததை நான் சொன்னேன். என் மனைவி என்னை நம்பாமல் பார்த்தாள்.

"என் தம்பி அப்டி சொல்லுவானா? உங்க காதுல ஏதோ தப்பா வியுந்துகீது."

அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசை. அவன் வாயால், அவன் அக்கா முன்னால், அன்றைக்கு வண்டியை எடுக்கச் சொன்னது நான்தான் என்று அவன் சொல்ல வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

பயம் என்னிடம் முன்பே உண்டு. அதற்குப் பிறகு அது பேப்பர் பக்கம் திரும்பிவிட்டது. வண்டியில் ஏறும் முன் எல்லாப் பேப்பரையும் ஒருமுறை பார்ப்பேன், இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்ப்பேன். எதற்கும் மூன்று ஜெராக்ஸ் வைத்திருப்பேன். மச்சானுக்கு அது தமாஷ். "எங்க மாமு பல்லு வெளக்கறதுக்கே என்ஓசி வாங்குவாரு" என்று விசேஷ வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்வான். அவனால் வந்த வியாதியை வைத்து அவனே சிரிப்புக் காட்டுவான்.

இந்த வருடம் அவனுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருடம். அக்காவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு தாய்லாந்து போகப் போவதாக ராயபுரத்தில் அவன் வீட்டில் வைத்துச் சொன்னான். புக்கெட் என்று ஒரு தீவு. நாலே பேர். வாடகைக் கார் எடுத்து அவனே ஓட்டப் போகிறானாம்.

"அங்க ஓட்ட லைசென்சு?" என்றேன்.

"ஹெவி லைசென்ஸ் மாமு! டிரெய்லர் ஓட்டலாம்னு கவர்மெண்டே எய்தி குட்துகீது. ஹெவி வச்சிகீறவன காருக்கு எவன் கேப்பான்? நீ இன்னா, ஏரோப்ளேனுக்கு எஃப்சி கீதான்னு கேப்ப போல!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹெவி லைசென்ஸ் இருந்தால் உலகத்தில் எதையும் ஓட்டலாம் என்று எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, வெளிநாட்டுக்குத் தனியாக ஒரு பர்மிட் உண்டு, விசாரித்துக்கொள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அப்போதுதான் என் மனைவியும் சிரிப்பதைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாளே ஆர்டிஓ ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்கள். சில நாட்டில் நம்முடைய இங்கிலீஷ் லைசென்சே போதுமாம், சில நாட்டில் இந்தப் பர்மிட் கட்டாயமாம், தாய்லாந்தில் வேண்டுமாம். கிளம்பும் முன் இங்கேயே வாங்கிவிட வேண்டும், அங்கே போய் வாங்க முடியாது. ஒரு வருடத்துக்குச் செல்லும். அசல் லைசென்சும் கூடவே இருக்க வேண்டும், இது மட்டும் தனியாகச் செல்லாது.

"இது இல்லாமயும் சில கடைக்காரங்க வண்டி குடுத்துடுவாங்க. ஆனா எங்கயாவது இடிச்சிட்டீங்கனா இன்சூரன்ஸ் கைவிட்டுடும்" என்றார்கள். "நெறைய பேர் போயி மாட்டிகிட்டு வந்த பின்னாடிதான் இங்க வந்து கேக்கறாங்க."

பாஸ்போர்ட், டிக்கெட், போட்டோ எல்லாம் கொடுத்து வாங்கினேன். சின்னப் புத்தகம் மாதிரி இருந்தது. என் படம் ஒட்டி முத்திரை குத்தியிருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூட.

விமானத்தில் மூன்று தடவை கக்கூசுக்குப் போய், சட்டையின் உள்பையில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு புதுக் கவலை வந்திருந்தது. எப்போதும் பேப்பரைக் கேட்டுவிடுவார்களோ என்று பயப்படுகிறவன், இந்தத் தடவை கேட்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டால் அவன் ஓட்டுவான், நான் பின்னால் உட்கார வேண்டும்.

கேட்டார்கள்.

காலை பதினோரு மணி இருக்கும். கார் கம்பெனிக் கவுண்டரில் ஒரு பெண். மச்சான் கூலிங்கிளாசைத் தலைமேல் ஏற்றிவிட்டு லைசென்சை நீட்டினான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்டர்நேஷனல் பர்மிட்?" என்றாள்.

"திஸ் ஹெவி, மேடம். ஹெவி! டிரெய்லர்!" இரண்டு கையையும் அகலமாக விரித்துக் காட்டினான்.

அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். முடியாது என்கிற தலையாட்டல்.

அப்போது அவன் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். போனை எடுத்தான். டிக்கெட் போட்டுக்கொடுத்த வண்ணாரப்பேட்டை டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டான். "பாய், ஒரு பேஜாரு. கவுண்டர்ல ஒரு பொண்ணு கீது, ஒரு வார்த்த பேசு" என்று சொல்லிவிட்டு போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினான். "ஒன் மினிட் மேடம். டாக், டாக்."

அவள் போனைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை. போனுக்குள் அந்த பாய் "ஹலோ, ஹலோ மேடம்" என்று கத்திக்கொண்டிருந்தார். மச்சானின் கை அந்தரத்தில் நின்றது. நான் எண்ணினேன். பத்து வரைக்கும் எண்ணியும் அவன் கையை மடக்கவில்லை.

மச்சானின் மனைவி, "இன்னா, எல்லாம் பாத்துக்கினேன்னு சொன்ன?" என்றாள்.

நான் சட்டையின் உள்பையிலிருந்து எடுத்தேன். முதலில் பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் பர்மிட். என் லைசென்சையும் சேர்த்துக் கவுண்டரில் வைத்தேன். அவள் என் படத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "ஓகே" என்றாள்.

"மாமு! கில்லாடி மாமு நீ!" மச்சான் என் தோளைத் தட்டினான். "சரி, வண்டிய எடு. அப்பால வெளிய போயி அந்த புக்க எங்கைல குடு, நா ஓட்றேன்."

துறைமுகத்தில் ஒருத்தன் பேப்பரில் இன்னொருத்தன் ஓட்டுவது சாதாரணம். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை.

"இதுல என் மூஞ்சி ஒட்டிகீது" என்றேன். "நான்தான் ஓட்டுவேன். ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னால நீ ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி எஃப்சி இல்லாத வண்டிய எடுக்கச் சொன்னது யாரு? உங்க அக்கா நிக்கிறா. சொல்லு."

"இன்னா மாமு, இங்க வந்து பழச..."

"அப்ப டாக்சி புடி. நானும் இவளும் பஸ்ல வர்றோம்."

இவன் டாக்சி பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் ஒரு வாரமாகக் கார் ஓட்டப் போகிறேன் என்று ஊரெல்லாம் உதார் விட்டவன், அவன் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கிறாள். அவனால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றான் தரையைப் பார்த்து.

"போன்ல?"

"போன்ல... மாமாதான் கேக்காம எட்துகினு போனாருன்னு சொன்னேன். மொதலாளிக்கு பயந்துகினு சொன்னது. விடு மாமு, எந்தக் காலத்துது." சிரிக்கப் பார்த்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

என் மனைவி அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மூணு மாசம் அவரு கிளீனரா போனாருடா. நான் டிபன் கட்டிக் குடுத்தேன்" என்றாள்.

நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுத்தேன், டயரைப் பார்த்தேன், பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பாதி என் பயம், பாதி வேண்டுமென்றே. அத்தனை நேரமும் அவன் வெயிலில் பெட்டியோடு நின்றான். முன் சீட்டில் அவன் வைத்திருந்த பையை என் மனைவி எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

மனசு ஆறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஒன்பது வருடத்துக்கு இரண்டு வரி போதாது. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், ரோடு நன்றாக இருந்தது. நான் போர்டில் போட்டிருந்த வேகத்துக்கு மேல் ஒரு பொட்டுகூடப் போகவில்லை. கால் மணி நேரம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாமு, கொஞ்சம் வேகமா மெதிக்கக் கூடாதா? பசிக்குது."

நான் வேகத்தை இன்னும் பத்து குறைத்தேன்.