என் சட்டைப்பையில் இருந்த பீஸ் கட்டை

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், நான் ஒரு மடையன். இருபது வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிற மடையன். பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், அந்த வீட்டுக் கரண்டே என் பையில் அடங்கிவிட்டதாக நம்பியவன். வெள்ளைப் பீங்கான், நடுவில் மெல்லிய கம்பி. அதைப் பிடுங்கினால் வீட்டுக்கு லைன் போகாது. போர்டின் மேலேயே வைத்தால் யாராவது திரும்பச் செருகிவிடுவார்கள் என்று, பையில் போட்டுக்கொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் கூடுதலாக, அதை வைத்துக்கொண்டு டீக்கடைக்கும் போவேன்.

காலடிப்பேட்டையில் ஒரு வாடகை வீடு. மூன்று மாடி, ஆறு போர்ஷன். மாடிப்படிக்குக் கீழே ஆறு மீட்டர், ஆறு கட்டை. உப்புக்காற்றில் பெட்டியின் கதவு துருப்பிடித்து எப்போதோ விழுந்துவிட்டது. முதல் மாடிச் சமையலறையில் மிக்சி போடுகிற பிளக் எரிந்துபோயிருந்தது. குடியிருப்பவர் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு எண்ணூருக்கு வேலைக்குப் போயிருந்தார்.

எங்களிடம் என்றால், நானும் பாயும். வண்ணாரப்பேட்டைக்காரர், என்னைவிட மூத்தவர், என் கூட்டாளி. அவர் கை வேலை செய்யும், என் வாய் வேலை செய்யும்.

“புடுங்கிட்டியா மாமு?” என்றார் மேலிருந்து.

“புடுங்கிப் பாக்கெட்ல போட்டுகினேன் பாய். கரண்டு இப்ப என்னோட டீ குடிக்க வருது.”

டெஸ்டர் வைத்துப் பார்த்திருப்பார். “லைன் இல்ல. சீக்கிரம் வந்து சேரு, அங்கயே பேசிகினு நின்னுடாத.”

நின்றேன். என்ன கதை சொன்னேன் என்று இன்றைக்கு நினைவில்லை. டீக்கடையில் நாலு பேர் சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

திரும்பி வந்தபோது வாசலில் குடங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிற அக்கா, கீழ் போர்ஷன்காரர், டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இன்னாக்கா, கடலே வூட்டுக்கு வந்துகீதா? நானும் ஒரு குளியல் போட்டுக்கட்டா?”

“தோடா. உன் அழுக்குக்குக் கடலே பத்தாது, போ.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் காதில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் புத்திக்கு எட்டியது. நான் கட்டையைப் பிடுங்கினதும் நின்றுபோன மோட்டார் மறுபடி ஓடுகிறது.

போர்டுக்கு ஓடினேன். நான் பிடுங்கிய இடத்தில் வேறொரு கட்டை உட்கார்ந்திருந்தது. என்னுடையது பையில் பத்திரமாக இருந்தது.

ஆறு வீட்டுக்கும் பொதுவான மோட்டாரை வீட்டுக்காரர் முதல் மாடி லைனில் கோத்துவிட்டிருக்கிறார். குடியிருப்பவருக்கு அது தெரியாது. எனக்கும் அதுவரை உறைக்கவில்லை. அக்காவுக்குத் தெரியும். தண்ணீர் வருகிற நேரத்தில் மோட்டார் நின்றால் எந்தக் கட்டையைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அத்துபடி. வீட்டில் ஒன்று உபரியாகவும் வைத்திருந்தார்.

அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் படியேறினேன். பாய் அடுப்பு மேடைக்குக் கீழே ஈரத்தரையில் சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வலது கை விரல்கள் கருகி, அந்த வாடை சமையலறை முழுக்க நின்றது. மனிதனுக்கு ஷாக் அடித்தால் பீஸ் போகாது. மோட்டார் பாட்டுக்கு ஓடியிருக்கிறது. ஷாக் அடித்ததும் லைனைத் துண்டித்து உயிரைக் காக்கிற டிரிப்பர் ஒன்று போட்டுக்கொடுங்கள் என்று நாங்கள் முன்பே வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, “இத்தினி வருசமா ஒண்ணும் ஆவலியே” என்றிருந்தார்.

பாயின் மார்பு அசையவில்லை. நான் அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே நின்றேன். ஷாக் அடித்தவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை இருபது வருடத்தில் கற்றுக்கொள்ளாத எலக்ட்ரீஷியன். பின்னாலேயே ஏறி வந்த அக்கா என்னைத் தள்ளிவிட்டு, கடலில் விழுந்தவனைக் கரைக்கு இழுத்துப் போட்டுச் செய்வதுபோல, இரண்டு கையையும் மார்பில் வைத்து அமுக்கினார். வளையல் உடைந்தது. நிறுத்தவில்லை. எவ்வளவு நேரமோ. பாய் ஒருமுறை இருமினார்.

ஆட்டோவில் பாயின் தலை என் மடியில். அக்கா எதிரே அழுதுகொண்டே வந்தார். “கட்டையக் காணோம், எவனோ தூக்கினு போய்ட்டான்னு நெனச்சேன் தம்பி. மேல ஆள் வேலை செய்யுதுன்னு ஒரு வார்த்த சொல்லலியே நீ?”

சொல்லவில்லை. டீக்கடை வரைக்கும் அவ்வளவு பேசினவன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

உயிர் தங்கியது. வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொல்லும்படி வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கே ஆள் அனுப்பினார். நான் போலீசிடம் நடந்ததைத்தான் எழுதிக்கொடுத்தேன். அதில் என் டீயும் இருந்தது.

பாய் என்னோடு மறுபடி வேலைக்கு வருவாரா என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் வீட்டுக்குப் போவேன். ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்ப்பேன். ஆரஞ்சு உரிக்க முடியாமல் மிச்ச விரல்களோடு அவர் மல்லுக்கட்டுவதைப் பார்த்ததும் கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் பழத்தை வாங்கி உரித்துக்கொடுப்பேன். மூன்றாம் மாதம் கேட்டேவிட்டேன்.

“டோல்கேட்டாண்ட ஒரு வூடு வந்துகீது பாய். நீ இல்லாம கைய வெக்க மனசு வரல. இந்த தபா போர்டாண்டயே நிப்பேன், வாயத் தொறக்கவே மாட்டேன். நீ மேல பாத்துக்கோ.”

பாய் விரல் போன கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ ஏறு, நான் கீய நிக்கிறேன்.”