பாஸ்டரின் உள்ளங்கை

கென்டக்கியில் மதுக்கடையே இல்லாத ஊரில் குடியிருந்துகொண்டு, பக்கத்து ஊர் விஸ்கி ஆலையில் கலவைகளை ருசித்துத் தரம் சொல்வதுதான் வெர்னா டகெட்டின் பிழைப்பு. வாயில் வைத்துத் துப்பிவிடுவாள். ஒரு சொட்டும் தொண்டையில் இறங்கியதில்லை. அப்படியும் பாஸ்டர் ஹார்லன் ஞாயிறு தவறாமல் பிரசங்கத்தில் அவளை ஜாடையாகக் குத்துவார்.

அந்த வாரம் போட்டிக் கம்பெனியின் மலிவுக் கலவை ஒன்று அவள் மேஜைக்கு வந்தது. உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து முகர்ந்தாள். சாராய நெடி நொடியில் பறந்துவிட, கருகிய சர்க்கரை வாசனையும் நனைந்த அட்டை வாடையும்தான் மிஞ்சின.

"இதை வச்சுத் தரைகூடத் துடைக்க முடியாது" என்று முகம் சுளித்தாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தார். அவரிடம் கைகுலுக்கிவிட்டுப் பழக்கதோஷத்தில் தன் கையை மூக்கருகே கொண்டுபோன வெர்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கருகிய சர்க்கரை! நனைந்த அட்டை!

அவள் முகத்தைப் பார்த்ததும் பாஸ்டர் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"மூடியைத் திறக்கும்போது கையில கொட்டிடுச்சு சிஸ்டர். ஊருக்குள்ள சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினார்.

வெர்னா இன்னொரு தடவை கையை முகர்ந்து பார்த்தாள்.

"நீங்க குடிக்கிறதை ஆண்டவர் பார்த்துப்பாரு, பாஸ்டர். ஆனா போயும் போயும் இதையா குடிச்சீங்க?"