பிரின்சிபால் சம்சாரத்தின் மனு

"பிரின்சிபால் பொண்டாட்டி வேலைக்கு ஆர்டரும் வராது, லீவும் கெடையாது" என்று எனக்கு முதன்முதலில் சொன்னவர் மங்களம் அக்கா. எண்பத்து மூன்றாம் வருஷம், ஜூன் மாசம். அதுவரை அவருடைய வீட்டுக்காரர்தான் எங்கள் திண்டிவனம் காலேஜில் பிரின்சிபால். ரிட்டயர் ஆகி, சாமான்களோடு விழுப்புரத்துக்குக் கிளம்பும்போது குவார்ட்டர்ஸ் சாவியை என் கையில் கொடுத்துக்கொண்டே அக்கா சொன்னார். நான் சிரித்தேன். இருபத்து நாலு வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்த என் வீட்டுக்காரருக்கு அந்தப் பதவி கிடைக்கவேண்டும் என்று மயிலம் முருகனை வேண்டிக்கொண்டு, ஆறு கிருத்திகை படி ஏறினவள் நான். இதே உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு மேலே நான் சொல்லவேண்டியதில்லை.

நான் எட்டாவது வரைதான். ஆனாலும் அவர் வாத்தியாராக இருந்தவரை, சாயங்காலம் நான் கீரை ஆய்வேன். அன்றைக்கு வகுப்பில் நடத்தின பாட்டை அவர் எனக்கும் சொல்லுவார். பையன் மெட்ராஸில் வேலை, பெண் கோலியனூரில் குடித்தனம். எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதைத்தான் காலேஜ் பிடுங்கிக்கொண்டது. வேறு ஒருத்தி பிடுங்கியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பச்சை மை

பிரின்சிபால் ஆனதும் அவர் சட்டைப் பையில் பச்சை மைப் பேனா வந்து உட்கார்ந்தது. வீட்டில் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கை தானாக ஓடும். ஒரு நாள் மளிகைச் சீட்டை, "இது போதுமா பாருங்க" என்று நீட்டினேன். மூலையில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்துவிட்டார். நானும் கவனிக்காமல் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"ஐயாவே ரெகமண்டு பண்ணிட்டாரு, அப்புறம் என்னா? தொவரம்பருப்புக்கு அட்மிஷன் போட்டாச்சும்மா!"

மல்லாட்டை மூட்டை

அட்மிஷன் சமயம், ஞாயிற்றுக்கிழமை. அதிசயமாக யாரும் வரவில்லை. "தனம், கீரை ஆயலையா?" என்று அவரே கேட்டார். முறத்தோடு ஓடி வந்து உட்கார்ந்தேன். பழைய நெய்தல் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். கடலுக்குப் போனவன் இன்னும் வரவில்லை, பொழுது சாய்கிறது, கரையில் ஒருத்தி காத்திருக்கிறாள். "அப்புறம்?" என்றேன்.

அப்புறம் கேட் திறந்தது. ஒலக்கூர் பக்கத்து விவசாயி ஒருவர், மகனுக்கு பி.ஏ. சீட்டு வேண்டி, தோளில் மல்லாட்டை மூட்டையோடு, அதாவது வேர்க்கடலை மூட்டையோடு, நின்றார். இவர் மூட்டையைத் தொடவில்லை. மார்க் இருந்தால் லிஸ்டில் பேர் வரும் என்று அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, காலேஜ் வேலை ஞாபகம் வந்து, ஃபைல் பார்க்க உள்ளே போய்விட்டார். வந்தவர் என்னிடம் குனிந்து சொன்னார்:

"ஐயா வாணாங்கறாரு, நீங்களாவது சொல்லக் கூடாதாம்மா? இத்தத் தூக்கிக்கினு மறுபடி பஸ் ஏர்றது பெரிய பேஜாரும்மா!"

என் பேஜாரு வேறு. கரையில் நின்றவள் என்ன ஆனாள் என்று தெரியவில்லை.

சந்தேகம் கேட்க வந்தவள்

அவர் நடத்திக்கொண்டிருந்த வகுப்பு, சரோஜா என்கிற புது லெக்சரருக்குப் போயிருந்தது. நல்ல பெண். ஒரு சாயங்காலம் புத்தகத்தோடு வந்தாள். அதே நெய்தல் பாட்டில் சந்தேகமாம்! என்னிடம் "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிற மனுஷர், கையை ஆட்டி ஆட்டி முக்கால் மணி நேரம் சொன்னார். நான் உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தேன். பம்ப் ஸ்டவ் இரைச்சலில் முடிவு காதில் விழவில்லை. ரோஷத்தில் பிறகு கேட்கவும் இல்லை.

மகள் வயசுப் பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாயே என்று சாமி படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அப்புறமும் வயிறு எரிந்தது. காபி டம்ளரை வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள்:

"குடுத்து வச்சவங்கம்மா நீங்க. தெனம் இதெல்லாம் கேட்டுக்கினேதான இருப்பீங்க?"

ஜன்னலுக்கு வெளியே

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். கேரியரை எடுத்துக்கொண்டு நானே காலேஜுக்குப் போனேன். அறையில் ஆள் இல்லை. பியூன் முனுசாமி வராண்டா கோடியைக் காட்டினார். சரோஜா பாடம் நடத்துகிற அறைக்கு வெளியே, ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரோடு சுவராக நிற்கிறார் இவர். கக்கத்தில் ஃபைல். அவள் சொல்வதற்கு முன்னாலேயே இவர் உதடு அசைகிறது. ஓரிடத்தில், இவர் சொல்லிக் கொடுக்காத எதையோ அவள் சொன்னாள் போலிருக்கிறது. பிள்ளைகள் கை தட்டினார்கள். இவர் முகம் சுருங்கியது.

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாசமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முனுசாமி மெதுவாகச் சொன்னார்:

"தெனம் இந்த நேரத்துக்கு ஐயா இங்கதாம்மா. இன்ஸ்பெக்‌ஷன்னு நெனச்சிக்கினு அந்தப் பொண்ணு நடுங்குது. இவரு பாவம், க்ளாஸை உட்டுட்டு இருக்க முடியாம வர்றாரு."

மனு

மறுநாள், 'கொடுத்த பதவியைத் திருப்பி எடுத்துக்கொள்' என்று கேட்பதற்காக மயிலத்தில் படி ஏறினேன். சன்னதியில் நின்றதும் வாய் வரவில்லை. அவருக்கு ஊரில் கிடைத்த மரியாதையை நானே எப்படி வேண்டாம் என்பது? இந்த மனுஷர் எதற்கு மசிவார் என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். காகிதத்துக்குத்தான் மசிவார்.

முழு வெள்ளைத்தாள் எடுத்து எழுதினேன். அனுப்புநர்: தனம், எட்டாம் வகுப்பு. பெறுநர்: முதல்வர் அவர்கள். 'ஐயா, கரையில் நிற்கும் பெண்ணின் பாடம் பாதியில் நிற்கிறது. தினமும் சாயங்காலம் ஐந்து முதல் ஆறு வரை எனக்கு வகுப்பு எடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' வீட்டுக்கு வந்த ஃபைல்களுக்கு நடுவே செருகி வைத்தேன்.

பச்சைப் பேனா ஓடியது. 'அனுமதிக்கப்படுகிறது.' கையெழுத்து, தேதி. அடுத்த காகிதத்துக்குப் போன கை திரும்பி வந்தது. படித்தார். மறுபடியும் படித்தார். பேனாவை மூடிவிட்டு, முறத்தையும் கீரையையும் அவரே எடுத்து வந்தார்.

அந்தப் பாட்டில் கடலுக்குப் போனவன் வரவே இல்லையாம். அவள் நின்றுகொண்டிருப்பதோடு முடிந்துவிடுகிறதாம். "அவ்ளோதானா? பாவம், அவளுக்கு மனு எழுதத் தெரியல" என்றேன். அவர் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

"இந்த அர்த்தம் சரோஜாவுக்கும் தோணல, எனக்கும் தோணல தனம்."

பிள்ளைக்கு சீட்டு கேட்டும், சர்டிபிகேட்டில் கையெழுத்து கேட்டும் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவில் மட்டும் வராதீர்கள், முருகன் கொடுக்க மறந்ததை நான் பச்சை மையில் எழுதி வாங்கின நேரம் அது.